பேரிடர் மேலாண்மைப் பட்டப்படிப்பு: பாடத்திட்டத்துக்கு முன் பணியிடத்தைப் பற்றிப் பேச வேண்டாமா?

கடைமடை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் புவியியல் கற்பிக்கிறேன். பேரிடர் மேலாண்மையில் மூன்றாண்டு இளம் அறிவியல் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்குவது என்று எங்கள் கல்லூரி முடிவு செய்து, வரைவுப் பாடத்திட்டத்தை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

பிற கல்லூரிகளின் பாடத்திட்டங்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். முதல் அலகில் பேரிடரின் வகைகள், அடுத்ததில் 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிறகு பேரிடர் அபாயத்தைக் குறைப்பதற்கான ஐ.நா.வின் செண்டாய் கட்டமைப்பு, அதன் பின் தொலையுணர்வும் புவித்தகவல் முறைமையும், கடைசியில் சில நிகழ்வுகள் என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. இவற்றில் எதுவும் தேவையற்றது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இந்தப் பாடங்களையெல்லாம் படித்துத் தேறிய ஒரு மாணவரிடம், உங்கள் ஊருக்கு அருகில் உள்ள பல்நோக்குப் பாதுகாப்பு மையத்தில் எத்தனை பேர் தங்கலாம், அங்கே குடிநீர் எங்கிருந்து வருகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பதில் வருமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது என் முதலாமாண்டு வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். கடல் உள்வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் கேட்டபோது, கரையோரக் கிராமத்திலிருந்து வரும் மாணவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருபது ஆண்டுகளில் ஓர் ஊரின் நினைவு இவ்வளவு மெலிந்துவிடும் என்றால், கல்லூரிக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது என்று நம்புகிறேன். அதை எப்படிச் செய்வது என்பதில்தான் உங்கள் துணை வேண்டும்.

முதுகலை முடித்தவர் எழுதியது:

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பட்டத்தைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாண்டுகள் தங்கிப் பேரிடர் மேலாண்மையில் முதுகலை முடித்தேன். கல்வி நன்றாகவே இருந்தது, களப்பணியும் இருந்தது. ஊர் திரும்பிய பிறகு என்ன நடந்தது என்பதுதான் செய்தி. ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினொரு மாத ஒப்பந்தம் கிடைத்தது. அது முடிந்ததும் இன்னொரு திட்டத்தில் ஆலோசகர் என்ற பெயரில் ஓராண்டு இருந்தேன். திட்ட நிதி நின்றதும் வேலையும் நின்றது. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்கும் பணிகளுக்கு மட்டுமே என் படிப்பு பயன்பட்டது. பேரிடர் மேலாண்மை படித்தவர்தான் வேண்டும் என்று கேட்கும் நிரந்தரப் பணியிடத்தை மாவட்ட அளவில் நான் ஒரு முறைகூட அறிவிக்கையில் பார்த்ததில்லை.

சட்டம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தை அமைக்கச் சொல்கிறது. அதன் தலைவர் ஆட்சியர். வேலையைச் செய்பவர்கள் வருவாய்த் துறையினர். அவர்கள் பட்டா மாறுதலையும் சாதிச் சான்றிதழையும் தேர்தலையும் பார்த்துக்கொண்டே புயலையும் பார்க்கிறார்கள். அந்தக் கட்டமைப்பில் நம் மாணவர் உட்காருவதற்கு நாற்காலி கிடையாது. மூன்றாண்டுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டும் குடும்பத்திடம் இதைச் சொல்லாமல் சேர்க்கை நடத்துவது சரியன்று. ஒடிசாவை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 1999 ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றி, உயிரிழப்பைச் சில பத்துகளுக்குள் அடக்கினார்கள். அதைச் செய்தது பட்டப்படிப்பு அன்று. தனி ஆணையமும், நூற்றுக்கணக்கான புயல் பாதுகாப்பு மையங்களும், கிராமந்தோறும் பழக்கிய தன்னார்வலர்களும் சேர்ந்து செய்தது.

டெலவேர்வாசி எழுதியது:

முதுகலை முடித்த நண்பரின் வருத்தம் நியாயமானது. ஆனால் அவர் எட்டிய முடிவை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்பதை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

இங்கே முதல் இளநிலைப் பட்டப்படிப்பு 1983 இல் டெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் நகரில், இன்று வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் கல்வி நிலையத்தில் தொடங்கியது. கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமையான ஃபீமா 1979 இல் தான் உருவானது என்பதை நினைத்துப் பார்த்தால், நிறுவனத்துக்கும் படிப்புக்கும் இடைவெளி நான்கே ஆண்டுகள். இருந்தாலும் அடுத்த பத்தாண்டுகளில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே படிப்புகள் இருந்தன. 1994 இல் ஃபீமா உயர்கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு பட்டப்படிப்பாவது இருக்க வேண்டும் என்ற குறிக்கோளை வைத்தது. பாடக் குறிப்புகளை எழுதச் செய்து எல்லாக் கல்லூரிகளுக்கும் இலவசமாகக் கொடுத்தது. ஆசிரியர்களை ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூட்டிப் பேச வைத்தது. படிப்புகளின் எண்ணிக்கை வேகமாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே மாவட்டத்துக்கு நிகரான கவுன்டிகள் பலவற்றில் அவசரகால மேலாளர் போன்ற பணியிடம் படிப்புக்கு முன்பே இருந்தது. குடிமக்கள் பாதுகாப்புத் திட்டத்தின் காலத்திலிருந்து வந்த பணியிடம் அது. ஓய்வு பெற்ற ராணுவத்தினரும் தீயணைப்பு வீரர்களும் அதில் அமர்ந்திருந்தார்கள். நாற்காலி இருந்தது, அதற்கேற்ற கல்வி பின்னால் வந்தது. அவ்வகையில் நண்பர் சொல்வது உண்மை.

அப்படியானால் பல்கலைக்கழகம் எதற்கு? நான் பணியாற்றும் ஊரில் பேரிடர் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. 1963 இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் குவாரன்டெல்லி, டைன்ஸ், ஹாஸ் என்ற மூன்று சமூகவியலாளர்கள் தொடங்கியது, 1985 இல் டெலவேருக்கு இடம் மாறியது. பேரிடர் நடந்த இடங்களுக்கு உடனே சென்று அவர்கள் நடத்திய ஆய்வுகள், அதிகாரிகள் அதுவரை நம்பியிருந்த பலவற்றைப் பொய் என்று காட்டின. மக்கள் பீதியடைந்து சிதறி ஓடுவார்கள் என்று நினைத்திருந்தார்கள். பெரும்பாலான நேரங்களில் அப்படி நடப்பதில்லை, அக்கம்பக்கத்தவரே முதலில் மீட்கிறார்கள் என்று ஆய்வு காட்டியது. பீதி வரும் என்று அஞ்சி எச்சரிக்கையைத் தாமதப்படுத்தும் அதிகாரிக்கு இந்த ஓர் உண்மை தெரிந்தால் எத்தனை உயிர்கள் பிழைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒடிசாவில் செய்தது ஏன் பலித்தது, அதில் எது தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் என்று யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டும் அல்லவா? அந்த வேலைக்கு நேரமும் பயிற்சியும் தனித்து நிற்கும் உரிமையும் உள்ள இடம் பல்கலைக்கழகம்.

வருவாய் ஓய்வு எழுதியது:

நான் முப்பத்தோரு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். டெல்டாவிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. இங்கே பேசுவதைப் படித்தபோது என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடப்பதற்கு முன் நாங்கள் செய்த வேலைக்கு நல்ல பெயர் கிடைத்தது. தாழ்வான பகுதிகளில் இருந்தவர்களை முகாம்களுக்குக் கொண்டுவந்தோம், கட்டுப்பாட்டு அறையின் 1077 எண் இடைவிடாமல் ஒலித்தது, பொக்லைன்களும் மரம் அறுக்கும் இயந்திரங்களும் இடம் பார்த்து நிறுத்தப்பட்டிருந்தன. மறுநாள் காலை தொடங்கித்தான் எங்களுக்குக் கை வறண்டுபோனது. மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் விழுந்துகிடந்தன. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. தண்ணீர் கேட்டு மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். உள்கிராமங்களுக்கு நாங்கள் போய்ச் சேர நாட்கள் ஆயின. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயிகளோ வேறொரு துயரத்தில் இருந்தார்கள். நெல் போனால் அடுத்த பருவத்தில் நடலாம். தென்னை போனால் புதிய கன்று காய்க்க ஆண்டுகள் பல ஆகும். அந்த இடைக்காலத்தில் ஒரு குடும்பம் எதைத் தின்னும் என்ற கேள்விக்கு எங்கள் கையேட்டில் பதில் இல்லை.

மீட்பை ஓரளவுக்குக் கற்றுக்கொண்டோம், மீள்வதைக் கற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் எழுதும் பாடத்திட்டத்தில் புயல் கரையைக் கடந்த மறுநாளிலிருந்து ஓராண்டு வரை நடப்பதற்குப் பாதி இடம் கொடுங்கள். பயிர்க் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது, குத்தகை விவசாயியின் பெயர் ஏன் பட்டியலில் விடுபடுகிறது, பட்டாவும் குடும்ப அட்டையும் இல்லாதவர்கள் எப்படி நிவாரணத்துக்கு வெளியே போகிறார்கள் என்பதையெல்லாம் மாணவர்கள் பதிவேடுகளை வைத்தே படிக்க வேண்டும். சுனாமியின்போது மீனவர் குடியிருப்புகளுக்கு உதவி வந்து குவிந்தது. அதே கரையில் இருந்த இருளர்களுக்கும் உப்பளக் கூலிகளுக்கும் பல இடங்களில் கடைசியாகவே வந்தது. படகு இழந்தவரின் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் படகில் கூலிக்குப் போனவரின் இழப்பு தெரியவில்லை.

இன்னொன்று. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் பார்த்த அலுவலகங்களில் பல நேரம் முந்தைய ஆண்டின் கோப்பில் தொலைபேசி எண்களை மாற்றியதோடு வேலை முடிந்தது. யாரிடமும் தீய எண்ணம் இல்லை, உட்கார்ந்து செய்ய ஆள் இல்லை. அந்த இடத்தில் ஒரு கல்லூரி வந்து நின்றால் பெரிய உதவி.

தூத்தூர்க் கரை எழுதியது:

எல்லோரும் நிலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவும் சித்தப்பாவும் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள்.

ஒக்கி 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி, மறுநாள் காலையில் புயலாக மாறியது. எங்கள் ஊர்களின் விசைப்படகுகள் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுக் கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தன. அங்கே கைப்பேசி எடுக்காது, வயர்லெஸ் கருவிக்கும் எட்டாது. கரையில் எத்தனை எச்சரிக்கை கொடுத்தும் அவர்கள் காதில் விழ வழியே இல்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைக் கரையில் நிற்பவர்தானே பார்க்க முடியும்? செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் பேச்சு அந்தத் துயரத்துக்குப் பிறகே வேகம் பெற்றது.

ஆகவே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது இது. எச்சரிக்கை என்ற பாடத்தை வானிலை மையம் அறிக்கை வெளியிடும் இடத்தில் முடிக்காதீர்கள். கடைசி மனிதனின் காதில் அது விழுந்ததா, விழுந்தபின் அவன் நம்பினானா, நம்பினாலும் கரை திரும்ப டீசலும் நேரமும் இருந்ததா என்பது வரை போக வேண்டும். எங்கள் பெரியவர்களை வகுப்புக்கு அழையுங்கள். நீரோட்டத்தையும் மேகத்தையும் காற்றின் திசையையும் வைத்து அவர்கள் சொல்வதை மாணவர்கள் குறித்துக்கொண்டு, வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எது சரி, எது தவறு என்று இரு தரப்பும் தெரிந்துகொள்ளலாம்.

அவசரப் பிரிவுச் செவிலியர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. பேரிடர் என்றால் புயலும் வெள்ளமும் மட்டும் அல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கூரைக்குத் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சட்டத்தின் வரையறையிலேயே விபத்தும் கவனக்குறைவும் அடங்கும். திருவிழா நெரிசல், பட்டாசு ஆலை வெடிப்பு, வாயுக் கசிவு ஆகியவற்றைப் பாடத்தில் ஓர் ஓரத்தில் வைத்துவிடாதீர்கள்.

மருத்துவமனைக்கு ஒரே நேரத்தில் நாற்பது பேரைக் கொண்டுவரும்போது யாரை முதலில் பார்ப்பது என்று வகைப்படுத்த நாங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களைப் பயன்படுத்துகிறோம். வானிலை எச்சரிக்கையிலும் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் உண்டு, ஆனால் அங்கே பொருள் வேறு. ஒத்திகை ஒன்றில் தன்னார்வலர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதை நேரில் பார்த்தேன். ஒரு துறையின் சொல் இன்னொரு துறையின் காதில் எப்படி விழுகிறது என்பதைக் கற்பிப்பதே இந்தப் படிப்பின் தனி வேலை என்று நினைக்கிறேன். செவிலியமும் பொறியியலும் தனித்தனியாக அதைக் கற்பிப்பதில்லை.

முதுகலை முடித்தவர் எழுதியது:

வட்டாட்சியர் ஐயா சொன்னதைப் படித்த பிறகு என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். படிப்பே வேண்டாம் என்பதல்ல, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை வைத்துத் தொடங்க வேண்டாம் என்பதே என் நிலை. ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவர்களை முதலில் படிக்க வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், தீயணைப்பு நிலைய அலுவலர், நீர்வளத் துறை உதவிப் பொறியாளர், செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோர் வார இறுதியில் வந்து படிக்கும் ஓராண்டுப் பட்டயம் போதும். அவர்களுக்கு வேலை இருக்கிறது, அறிவுக்குத்தான் பசி. ஒரே வகுப்பில் இத்தனை துறையினர் உட்கார்ந்தாலே, புயல் நாளில் தொலைபேசியில் அறிமுகம் செய்துகொள்ளும் நேரம் மிச்சமாகும்.

டெலவேர்வாசிக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊரில் அந்தப் பணியிடம் இருந்ததால் படிப்பு வளர்ந்தது என்றீர்கள். இங்கே அதை உருவாக்க என்ன வழி?

டெலவேர்வாசி எழுதியது:

முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் ஒரு வாசல் திறந்திருப்பதாகப் பார்க்கிறேன். 2016 நவம்பரில் புதுதில்லியில் நடந்த, பேரிடர் அபாயக் குறைப்புக்கான ஆசிய அமைச்சர்கள் மாநாட்டில் இந்தியப் பிரதமர் முன்வைத்த பத்து அம்சத் திட்டத்தில், பேரிடர் சார்ந்து பல்கலைக்கழகங்களின் வலைப்பின்னல் ஒன்றை அமைப்பதும் ஓர் அம்சம். அதைவிட முக்கியமானது 2025 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க அது வழி செய்கிறது. அந்த ஆணையங்களுக்கு முழுநேரப் பணியாளர்கள் வேண்டும் என்றும், அதற்கு இந்தக் கல்வித் தகுதி வேண்டும் என்றும் இப்போதே எழுதி வாங்க வேண்டும். அமைத்து முடித்து, எல்லா இடங்களையும் பிற துறைகளிலிருந்து அயற்பணியில் வருபவர்களைக் கொண்டு நிரப்பிய பிறகு கேட்டால் பயன் இராது. கல்லூரிகள் தனித்தனியே மனு கொடுக்காமல் சேர்ந்து கேட்பது நல்லது.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டதை எல்லோரும் அறிவார்கள். அணையின் பொறியாளருக்கு அந்த எண்ணின் பொருள் தெரியும். ஆற்றோரத் தெருவில் இருந்தவருக்கு, அது தன் வீட்டுத் தரைத்தளத்தில் எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். கன அடியைத் தெருவின் மொழிக்கு மாற்றிச் சொல்வதையே முழுநேர வேலையாகக் கொண்டவர் இல்லாததால் வந்த இழப்பை வைத்துத்தான் அந்தப் பணியிடத்தைக் கேட்க முடியும்.

கடைமடை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான்கு நாட்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்து, வரைவை மாற்றி எழுதியிருக்கிறேன்.

இளம் அறிவியல் பட்டத்தை இப்போதைக்கு ஒத்திவைக்குமாறு கல்லூரியிடம் கேட்கப்போகிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய பெயரில் பட்டம் தொடங்கினால், அரசுப் பணிக்கு அது எந்தப் பட்டத்துக்கு இணை என்ற அரசாணை வரும் வரை மாணவர்கள் அலைய நேரிடும். வேறு துறைகளில் என் மாணவர்கள் சிலர் அப்படி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே புவியியல் பட்டம் புவியியலாகவே இருக்கட்டும், அதற்குள் நான்கு தாள்களைப் பேரிடர் சார்ந்து வைக்கலாம். அதனுடன், பணியில் இருப்பவர்களுக்கான ஓராண்டுப் பட்டயத்தைத் தொடங்கலாம்.

பட்டயத்தில் இறுதித் தேர்வுக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரும் ஓர் ஊராட்சியின் திட்டத்தை நடந்தே சரிபார்த்து எழுத வேண்டும். பாதுகாப்பு மையத்தின் சாவி, கழிவறை, மின்னாக்கி, தனியாக நடக்க இயலாத முதியவர்கள் இருக்கும் வீடுகள், கர்ப்பிணிகளின் பட்டியல், மேட்டுப் பாதை, வாய்க்கால் அடைப்பு ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். அந்த அறிக்கை கல்லூரி அலமாரியில் தூங்காமல் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் போக வேண்டும் என்பதை ஒப்பந்தமாகவே எழுத எண்ணியிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், எங்கள் கல்வியாண்டின் வழக்கத்தை மீறி இந்தக் களப்பணியை ஜூலையிலேயே வைக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அரசின் உதவி வந்து சேரும் முன் பக்கத்து ஊர் மக்கள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஊரில் யார் முதலில் அடுப்பு மூட்டலாம் என்றார், அரிசி எங்கிருந்து வந்தது, வெள்ளத்தில் எந்த வழியாக நடந்தார்கள் என்பதைக் கேட்டு எழுதிவர மாணவர் இருவரை அனுப்பப்போகிறேன். எங்கள் முதல் பாடம் அதுவாக இருக்கட்டும்.

வட்டாட்சியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். குத்தகை விவசாயிகள் கணக்கெடுப்பில் விடுபடுவது பற்றிய பாடத்தை நீங்களே வந்து நடத்த இயலுமா?

வருவாய் ஓய்வு எழுதியது:

வருகிறேன். வகுப்பறையில் வேண்டாம், வயலில் வைத்துக்கொள்வோம். அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புல எண்ணிலும் இப்போது யார் பயிர் செய்கிறார் என்று மாணவர்களே கேட்டுக் குறிக்கட்டும். பதிவேட்டில் இருக்கும் பெயரும் வரப்பில் நிற்கும் ஆளும் எத்தனை இடத்தில் வேறுபடுகின்றன என்று அவர்களே எண்ணிப் பார்க்கலாம். குறுவை நடவு முடிந்ததும் நாள் சொல்லுங்கள்.

தூத்தூர்க் கரை எழுதியது:

கடல் பாடத்துக்கு என் சித்தப்பா வரச் சம்மதித்துவிட்டார். ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் பக்கத்து மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது கரையில்தான் இருப்பார்.